புற்றுநோய்க்குப் பிறகு மூட்டருகே தோன்றும் மென்மையான கட்டிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். எங்கேனும் பிழையிருந்தால் திருத்துங்கள். உங்கள் தாயாருக்கு 58 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மார்பகமும் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டன. பின்னர் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, இன்றுவரை லெட்ரோசோல் மாத்திரை எடுத்துவருகிறார். இரண்டு மாதங்களாக வலது முழங்காலின் பின்மடிப்பில் மெத்தென்ற ஒரு வீக்கமும், இடது மணிக்கட்டின் மேற்புறத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டியும் இருக்கின்றன. உறவினர் ஒருவர், கல் போல இருந்தால்தான் புற்று, மெத்தென்று இருந்தால் பயமில்லை என்கிறார். இன்னொருவர் உடனே, உடல் முழுவதிலும் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கட்டிகளின் பெயர் என்ன என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அறிய விரும்புவது இரண்டு செய்திகள் என்று எனக்குப் படுகிறது: ஒருமுறை புற்றுநோய் வந்த உடலில் சாதாரணமான ஒரு கட்டிக்கும் வேறு பொருள் உண்டா, மென்மையாக இருக்கிறது என்பதை நம்பி நிம்மதியாக இருக்கலாமா. முதல் கேள்விக்கு, கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சில சமயம் உண்டு என்பது என் பதில். இரண்டாவதற்கு, அந்த ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது பதில்.

பொது அறுவைச் சிகிச்சையிலும் பின்னர் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டியைக் கையால் தொட்டுப் பார்க்காமல், மூட்டை மடக்கி நீட்டிப் பார்க்காமல், இது இன்னதுதான் என்று யாரும் எழுத்தில் உறுதி சொல்ல முடியாது. ஆகவே கீழே வருவது நோயறிதல் அன்று. மருத்துவரின் முன் அமரும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதற்கு அவசரம் காட்ட வேண்டும் என்பதற்கான விளக்கம்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். மூட்டுகளின் அருகே தோன்றும் மென்மையான கட்டிகளில் மிகப் பெரும்பான்மையானவை புற்றுநோயோடு தொடர்பில்லாதவை. புற்றுநோய் வந்து குணமானவர்களிடமும் இதுவே நிலை. மூட்டு என்பது நீர் சுரக்கும் இடம். எலும்புகளின் முனைகள் உராயாமல் அசைய ஒரு சவ்வு அங்கே வழவழப்பான நீரைச் சுரக்கிறது. தசைநாண்கள் ஓடும் உறைகளுக்குள்ளும் அத்தகைய நீர் உண்டு. தோலுக்கும் எலும்புக்கும் இடையில் உராய்வைத் தாங்குவதற்கென்றே சிறு நீர்ப்பைகளும் உண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்றில் நீர் கூடினாலோ, உறையின் சுவர் நலிந்து வெளியே பிதுங்கினாலோ, விரலால் உணரக்கூடிய ஒரு கட்டி உருவாகிவிடும். இது நாற்பது வயதுக்கு மேல், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம், அன்றாடம் காணப்படுவது.

முழங்காலின் பின்மடிப்பில் வரும் வீக்கத்துக்கு முதன்மையான காரணமும் இதுவே. வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற லண்டன் அறுவைச் சிகிச்சையாளர் 1877இல் இதை விரிவாக விவரித்ததால் பேக்கர் நீர்க்கட்டி என்று பெயர் பெற்றது. முழங்காலுக்குள் தேய்மானத்தாலோ, குருத்தெலும்பு வட்டு கிழிந்ததாலோ, வாதத்தாலோ நீர் அதிகமாகச் சுரக்கும்போது, அது பின்பக்கத்தில் கெண்டைக்கால் தசையின் உட்பக்கத் தலைக்கும் அதையொட்டி ஓடும் தொடைத் தசைநாணுக்கும் இடையிலுள்ள சிறு வழியில் புகுந்து அங்கிருக்கும் நீர்ப்பையை நிரப்புகிறது. அந்த வழி பலரிடம் ஒருபக்கமாகவே திறப்பதால், உள்ளே போன நீர் எளிதில் திரும்புவதில்லை. உங்கள் தாயார் நின்றுகொண்டு காலை முழுவதும் நீட்டும்போது வீக்கம் இறுகுவதும், அமர்ந்து முழங்காலைப் பாதி மடக்கும்போது அது தளர்ந்து கிட்டத்தட்ட மறைவதும் நடந்தால், பேக்கர் நீர்க்கட்டிக்கான வாய்ப்பு மிகக் கூடுகிறது. நடை அதிகமான நாளில் பெரிதாகி, ஓய்வெடுத்தால் சுருங்குவதும் அதே பக்கம் கை காட்டும். இவை நல்ல அறிகுறிகள்தாம். ஆனாலும் ஸ்கேனுக்கு மாற்று ஆகா. அந்த மடிப்பில் இரத்தக்குழாய் ஒன்றும் ஓடுகிறது. வீக்கம் நாடியோடு சேர்ந்து துடித்தால் அது தமனியின் புடைப்பாக இருக்கலாம் என்பதால், ஸ்கேன் செய்யாமல் யாரையும் ஊசி போட விடக் கூடாது.

மணிக்கட்டின் மேற்புறத்தில் இருப்பது பெரும்பாலும் கேங்லியான் என்று மருத்துவர்கள் சொல்லும் நீர்க்கட்டி. கையில் வரும் கட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மணிக்கட்டின் மேற்புறத்தில்தான் தோன்றுகின்றன. உள்ளே தெளிவான, பசை போன்ற கெட்டியான நீர் இருக்கும். கையை உட்பக்கமாக மடக்கினால் புடைத்துத் தெரியும். இருட்டறையில் சிறு டார்ச் விளக்கைக் கட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் முழுவதும் செந்நிறமாக ஒளிரும். இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்; ஆனால் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்க வேண்டாம், ஏனெனில் கொழுப்புக் கழலையும் சில சமயம் ஒளியைக் கடத்தும். கேங்லியான் அழுத்தமாக நிரம்பியிருக்கும்போது எலும்பு போலக் கெட்டியாகத் தோன்றும் என்பதையும் உங்கள் உறவினருக்குச் சொல்லுங்கள். நிரம்பிய நீர்க்கட்டி கெட்டியாக இருக்கும். சில புற்றுக்கட்டிகள் மெத்தென்று இருக்கும். கடினம், மென்மை என்ற அளவுகோல் இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். தோலுக்கடியில் விரலால் அழுத்தினால் நழுவி ஓடும், வலியில்லாத, ஆண்டுக்கணக்கில் மாறாத மெத்தென்ற கட்டி கொழுப்புக் கழலை. தோலோடு ஒட்டி, நடுவில் ஒரு கரும்புள்ளியுடன் இருப்பது தோலின் அடைபட்ட நீர்க்கட்டி. முழங்கை முனையிலும் முழங்கால் சில்லின் முன்னும் வருபவை பெரும்பாலும் நீர்ப்பை அழற்சி. தரையில் ஊன்றி வேலை செய்பவர்களுக்கு இவை அடிக்கடி வரும். யூரிக் அமிலம் படிவதாலும் முடக்கு வாதத்தாலும் வரும் முடிச்சுகள் கெட்டியானவை. அவற்றோடு மூட்டு வலியின் வரலாறும் சேர்ந்தே வரும்.

இனி, புற்றுநோய்ச் சிகிச்சை தன் பங்குக்கு என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். இதைப் பல வீடுகளில் யாரும் விளக்குவதில்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்து மருந்துகள். மாதவிடாய் நின்றபின் உடலில் மிஞ்சியிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் ஏறக்குறைய இல்லாமல் செய்வதுதான் அவற்றின் வேலை. அந்த ஈஸ்ட்ரோஜன் குறைவால், எடுப்பவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மூட்டு வலியும் காலை நேர இறுக்கமும் வருகின்றன. கை விரல்கள், மணிக்கட்டு, முழங்கால் ஆகியவையே அதிகம் பாதிக்கப்படும். வலியுள்ள மணிக்கட்டுகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது தசைநாண் உறைகள் தடித்து, அவற்றுக்குள் நீர் கூடியிருப்பது பலரிடம் காணப்பட்டது. விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும், மணிக்கட்டில் நரம்பு நெரிந்து இரவில் கை மரத்துப்போவதும் இந்த மருந்துகளோடு கூடுதலாக வருகின்றன. இவ்வளவும் உறுதி. இதே மருந்து கேங்லியானையோ பேக்கர் நீர்க்கட்டியையோ நேரடியாக உண்டாக்குகிறது என்று சொல்வதற்கு அதே அளவு உறுதியான ஆதாரம் இல்லை. மூட்டில் நீர் கூடுவதால் ஏற்கெனவே இருந்த சிறு கட்டி வெளியே தெரியுமளவுக்கு வளர்ந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம், அவ்வளவே. அந்த ஊகத்தின் பேரில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்புவதைத் தடுப்பதில் அந்த மாத்திரைக்கு உள்ள பங்கு பெரிது. வலி தாங்க முடியாவிட்டால் அதே குடும்பத்தின் இன்னொரு மருந்துக்கு மாற்றிப் பார்க்க வழியுண்டு, அதை அவருடைய புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார்.

அறுவை நடந்த பக்கத்தில் வரும் கட்டிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. அக்குள் கணுக்களை எடுத்த இடத்தில் நிணநீர் தேங்கி மெத்தென்ற பை போல நிற்கலாம். இது பெரும்பாலும் முதல் சில மாதங்களின் சிக்கல். அக்குளிலிருந்து முழங்கை மடிப்புவரை, சிலருக்கு மணிக்கட்டுவரைகூட, தோலுக்கடியில் இழுத்துக் கட்டிய கயிறு போன்ற, நரம்பு என்று எண்ணத் தோன்றும் புடைப்பு தெரியலாம். கையை உயர்த்தினால் இழுக்கும். அது நரம்பும் அன்று, நோயும் அன்று; அறுபட்ட நிணநீர்க் குழாய்கள் தடித்துச் சுருங்குவதால் வருவது, பயிற்சியால் சரியாகும். கை முழுவதும் வீங்கும் நிணநீர் வீக்கத்தில் மணிக்கட்டும் முழங்கையும் உருண்டு பருத்துத் தெரிவதை, தனிக் கட்டி என்று தவறாக எண்ணுவதும் உண்டு. வேறு புற்றுநோய்களுக்காக நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் புதிய ஊசி மருந்துகளைப் பெற்றவர்களுக்கு, அந்த மருந்துகளாலேயே மூட்டுகள் அழற்சியுற்று நீர் கோத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு என்பதால் அவர்கள் உடனே தங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் தாயாரைத் தூங்க விடாத கேள்விக்கு வருவோம்: மார்பகப் புற்று இப்படித் திரும்புமா? மார்பகப் புற்று பரவும்போது அது பெரும்பாலும் செல்லும் இடங்கள் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை. அவற்றோடு அறுவை நடந்த மார்புச் சுவரும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களும். முழங்காலின் பின்னாலோ மணிக்கட்டிலோ இருக்கும் மென்மையான திசுவில் அது முதன்முதலாகத் தலைகாட்டுவது மிகவும் அரிது. பொதுவாகவே முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே எந்தப் புற்றுநோயும் பரவுவது குறைவு. அப்படிப் பரவுபவற்றில் நுரையீரல் புற்றுக்கே முதலிடம். தசைக்குள்ளும் தோலுக்கடியிலும் பரவும் பழக்கம் தோலின் கருமைப் புற்றான மெலனோமாவுக்கும், நுரையீரல், சிறுநீரகப் புற்றுகளுக்கும் ஓரளவு உண்டு. காலில் மெலனோமா வந்து அகற்றப்பட்டவர் அதே காலில் புதிதாக ஒரு சிறு முடிச்சைக் கண்டால், நான் இங்கே உங்களுக்குச் சொல்லும் ஆறுதல் அவருக்குப் பொருந்தாது. அவர் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தது என்று தொடக்கத்தில் நான் சொன்னதன் பொருள் இதுதான். தோள்மூட்டருகே அக்குளிலும், காறை எலும்பின் மேற்குழியிலும், இடுப்பு மூட்டருகே தொடை இடுக்கிலும் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. அங்கு வரும் கட்டியை மூட்டுக் கட்டி என்று எண்ணுவது எளிது; ஆனால் அது நெறி கட்டியதாக இருக்கலாம். காலில் புண்ணோ சேற்றுப்புண்ணோ இருந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது இயல்பு, இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். மார்பகப் புற்று வந்தவருக்கு எந்தப் பக்கத்து அக்குளிலாவது காறை எலும்பின் மேலாவது புதிதாக ஒரு கணு தென்பட்டால், அது சிறியதோ மெத்தென்றதோ, வற்றும் என்று காத்திருக்காமல் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். நிணநீர்ப் புற்றான லிம்போமா வந்தவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும், ஏனெனில் அந்த நோயின் கணுக்கள் கல் போல இராமல் ரப்பர் போல நெகிழ்வாகவே இருக்கும்.

பழைய நோய் திரும்புவதைவிட அரிதாகவும், ஆனால் தவறவிட்டால் பெரிய இழப்பாகவும் முடிவது மென்திசுப் புற்றான சார்கோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 100இல் 1 மட்டுமே இது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம், மென்மை என்ற நம்பிக்கை ஏமாற்றும் இடம் இதுவே என்பதுதான். பசை போன்ற பொருள் நிறைந்த ஒருவகைக் கொழுப்புச் சார்கோமா, தொடையிலும் முழங்காலின் பின்புறத்திலும் வருவது, தொடுவதற்கு நீர்க்கட்டி போலவே மெத்தென்று இருக்கும். சாயம் செலுத்தாமல் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில்கூட அது நீர் போலத் தோன்றலாம். சைனோவியல் சார்கோமா என்ற இன்னொன்று, மூட்டுச் சவ்வின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதிலிருந்து பிறப்பதில்லை; முழங்கால், கணுக்கால் அருகே, பெரும்பாலும் இளம் வயதினருக்கு, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, கேங்லியான் என்றே கருதப்பட்டுக் கடைசியில் கண்டறியப்படுவது உண்டு. வலியில்லை, மெதுவாகத்தான் வளர்கிறது என்பவை ஆறுதலுக்குரிய அறிகுறிகள் என்று நம்பியவர்களே இதில் அதிகம் காலம் இழந்திருக்கிறார்கள்.

முந்தைய சிகிச்சையாலேயே வரும் சார்கோமாவும் உண்டு. கதிர்வீச்சு பெற்ற பரப்புக்குள், சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளிலிருந்து பல பத்தாண்டுகள் வரை கழித்து, புதிய கட்டி முளைக்கலாம். மார்பிலும் தோளிலும் அக்குளிலும் அது முதலில் ஊதா நிறத் திட்டாக, அடிபட்டுக் கன்றியது போலத் தோன்றலாம். ஆண்டுக்கணக்கில் நிணநீர் வீக்கம் இருந்த கையில் அத்தகைய இரத்தக்குழாய்ப் புற்று வருவதை நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் 1948இல் எழுதினார்கள். இவை மிகமிக அரிதானவை. கதிர்வீச்சால் கிடைத்த பயனை எந்த வகையிலும் குறைப்பவை அல்ல. உங்கள் தாயாரின் முழங்கால் கதிர்வீச்சுப் பரப்பிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. இடது மணிக்கட்டும் அந்தப் பரப்புக்கு வெளியேதான் இருக்கும். ஆகவே இந்த அச்சம் அவருடைய இரண்டு கட்டிகளுக்கும் பொருந்தவில்லை. குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகப் புற்று, சார்கோமா, மூளைக்கட்டி போன்றவை பலருக்கு வந்திருந்தால் மட்டும் மரபணுக் கோளாறு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதால், அந்த வரலாற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? நான் கவனிப்பவை இவை: கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா, வாரத்துக்கு வாரம் பெரிதாகிறதா, தசையை இறுக்கும்போது அசைவற்று நிலைத்துவிடுகிறதா, அதாவது தோலுக்கடியில் மட்டும் இல்லாமல் ஆழத்தில் இருக்கிறதா, முன்பு ஒருமுறை எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறதா. வலி தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. ஆனால் ஓய்விலும் இரவிலும் விடாமல் தொடரும் வலி, குறிப்பாக எலும்பின் ஆழத்திலிருந்து வருவது போன்ற வலி, மார்பகப் புற்று வந்தவரிடம் எலும்பைப் படமெடுத்துப் பார்க்கப் போதுமான காரணம், அங்கே கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெரிதாகிப் பின் சுருங்கி, மீண்டும் பெரிதாகும் கட்டி பெரும்பாலும் நீர்க்கட்டி. புற்றுக்கட்டி தானாகச் சுருங்குவது வழக்கமில்லை. வளர்கிறதா என்பதை நினைவை வைத்துச் சொல்ல முடியாது. அளவு நாடாவால் நீளத்தையும் அகலத்தையும் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாளெல்லாம் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல திசுவும் வலித்து வீங்கும், அச்சமும் வளரும்.

இரண்டு நிலைகளில் சிறிதும் நேரம் கடத்தக் கூடாது. முழங்கால் மடிப்பில் வீக்கம் இருந்தவருக்குத் திடீரென்று கெண்டைக்கால் வீங்கி, சூடேறி, வலித்தால், பேக்கர் நீர்க்கட்டி உடைந்து நீர் தசைகளுக்கிடையே இறங்கியிருக்கலாம்; ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தாலும் இதே தோற்றம்தான். பார்வையால் இரண்டையும் பிரிக்க அனுபவமுள்ளவர்களாலும் முடியாது. புற்றுநோய் உள்ளவர்களுக்கும், மார்பகப் புற்றுக்கான இன்னொரு மாத்திரையான டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கும் இரத்த உறைவு வரும் வாய்ப்பு கூடுதல். உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அன்றே மருத்துவமனைக்குச் சென்று, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவரை காலை உருவிவிடவோ எண்ணெய் தடவி நீவவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். நம் வீடுகளில் கால் வீங்கினால் முதலில் நடப்பது நீவிவிடுவதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசர ஊர்தியை அழையுங்கள். அதேபோல, கணுக்கள் எடுக்கப்பட்ட இடது கை திடீரென்று சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது கிருமித் தொற்று; அதற்கும் அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

பரிசோதனையின் வரிசையைப் பற்றி: முதலில் தேவைப்படுவது சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், டாப்ளரோடு. செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் எடுக்க முடியும். உள்ளே நீர் மட்டுமே இருக்கிறதா, திடப்பகுதி உண்டா, இரத்த ஓட்டம் உண்டா, எந்த ஆழத்தில் இருக்கிறது என்ற நான்கையும் அது காட்டும். முழங்கால் மடிப்பில் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் நீர்க்கட்டியின் கழுத்துத் தெரிந்தால் பேக்கர் நீர்க்கட்டி என்பது ஏறத்தாழ முடிந்த செய்தி. அறிக்கையில் கழுத்துத் தெரியவில்லை, திடப்பகுதி இருக்கிறது, இரத்த ஓட்டம் இருக்கிறது, தசைக்குள் இருக்கிறது என்று ஏதேனும் ஒன்று வந்தால், அடுத்தது சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அதிலும் ஐயம் தீராவிட்டால் திசுப் பரிசோதனை. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பது நிணநீர்க் கணுவுக்குப் பல நேரம் பயன்படும். சார்கோமா என்ற ஐயம் இருந்தால் அது போதாது, சதைத் துணுக்கை எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி தேவை. அந்த ஊசி நுழையும் வழியை, பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவரே தீர்மானிப்பது நல்லது, ஏனெனில் புற்று என்று தெரிந்தால் அந்த வழியையும் சேர்த்தே அகற்ற வேண்டியிருக்கும்.

பயாப்ஸி எடுத்தால் புற்று உடலெங்கும் பரவிவிடும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முறையாகத் திட்டமிட்டு எடுக்கும் ஊசிப் பயாப்ஸியால் நோயின் போக்கு கெடுவதில்லை. உண்மையில் கெடுதல் செய்வது வேறொன்று: படமெடுக்காமல், கொழுப்புக்கட்டிதானே என்று சிறு அறுவை அரங்கில் வெட்டியெடுத்துவிட்டு, பிறகு ஆய்வகத்திலிருந்து சார்கோமா என்று அறிக்கை வருவது. அப்போது எஞ்சிய திசுவை அகற்ற இரண்டாவது அறுவை முதலாவதைவிடப் பெரிதாகிறது. காலின் இயக்கமே குறைய நேரலாம். எவ்வளவு சிறிய கட்டியானாலும் ஆழத்தில் இருந்தால், கத்தி வைக்கும் முன் ஸ்கேன் கேளுங்கள். எடுத்த எந்தக் கட்டியையும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எறிய விடாதீர்கள்.

உடனே பெட் ஸ்கேன் என்ற ஆலோசனை அன்பினால் வந்தது. ஆனால் இப்போதைக்குத் தேவையற்றது என்பதே என் கருத்து. அழற்சியுற்ற மூட்டும் தசைநாண் உறையும் அந்த ஸ்கேனில் ஒளிரும்; அந்த ஒளிர்வைத் துரத்தி இன்னும் பல பரிசோதனைகள், இன்னும் பல தூக்கமற்ற இரவுகள். சி.ஏ. 15-3 போன்ற இரத்தக் குறியீடுகளுக்கும் இது பொருந்தும். அறிகுறி இல்லாதவர்களிடம் நோய் திரும்பியதா என்று தேடுவதற்கு அவற்றை வழக்கமாகச் செய்யும்படி வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ ஐயம் எழுந்து, திசுப் பரிசோதனையில் புற்று உறுதியானால், அப்போது பெட் ஸ்கேனுக்கு உரிய இடம் வரும்.

இரண்டும் நீர்க்கட்டிகள் என்றே தெரியவந்தால், சிகிச்சை இல்லாமல் விடுவதும் முழுமையான தேர்வுதான். மணிக்கட்டுக் கேங்லியான்களில் ஏறத்தாழ பாதி சில ஆண்டுகளில் தானாகவே மறைகின்றன. ஊசியால் நீரை எடுத்தால் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்ப வரும். அறுவை செய்தால் திரும்புவது குறைவு, இல்லாமற்போவதில்லை. பேக்கர் நீர்க்கட்டியைத் தனியாக வெட்டியெடுப்பதைவிட, முழங்காலுக்குள் நீர் சுரக்கும் காரணத்தைக் கவனிப்பதே பயன் தரும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவையானால் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. உங்கள் தாயாரின் கேங்லியான் கணுக்கள் எடுக்கப்பட்ட அதே இடது கையில் இருப்பதால் ஒரு குறிப்பு: அந்தக் கையில் ஊசியே குத்தக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்தது; ஆனால் ஒரு ஊசிக் குத்தலால் நிணநீர் வீக்கம் வருகிறது என்பதற்கான ஆதாரம் வலுவானதாக இல்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்தாலும் தொற்று ஏற்பட்டால் அந்தக் கைக்குத் தாங்கும் திறன் குறைவு. தொந்தரவு தராத ஒரு கட்டிக்காக அந்தக் கையில் ஊசியோ கத்தியோ வைக்க நான் முன்வர மாட்டேன். கை மரத்துப்போனாலோ வேலை செய்ய முடியாமல் வலித்தாலோ மட்டும், உரிய தூய்மையோடு செய்யலாம்.

அடுத்த வாரமே ஒரு நாளை ஒதுக்கி, முதலில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய பயாப்ஸி அறிக்கை, கதிர்வீச்சு எந்தப் பரப்புக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற சுருக்கம், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவர் இரண்டு அக்குளையும் காறை எலும்பின் மேற்குழியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டால் தயங்காமல் கேளுங்கள். ஸ்கேன் அறைக்குள் போகும்போது, இவருக்கு மார்பகப் புற்று இருந்தது என்று ஸ்கேன் செய்பவரிடம் நீங்களே சொல்லுங்கள். சீட்டில் முழங்கால் வீக்கம் என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் தேடும் விதம் வேறாக இருக்கும். ஸ்கேன் பார்த்தபின் காத்திருந்து பார்ப்போம் என்று மருத்துவர் சொன்னால், எத்தனை வாரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும், எவ்வளவு வளர்ந்தால் அதற்கு முன்பே வர வேண்டும் என்ற இரண்டையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.